ரக்பி நடுவர் பயிற்சி, முதல் நிலை: ஒரு கபடிக்காரியின் மதிப்பீடு

உடற்கல்வி ஆசிரியர்கள் கூடும் இடத்திலெல்லாம் என்னிடம் வரும் கேள்வி இது: "மேடம், அந்த ரக்பி நடுவர் பயிற்சிக்குப் போனீர்களே, பிரயோஜனம் உண்டா?" உண்டு. தாராளமாகப் போகலாம். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் நீங்கள் நடுவர் ஆகிவிட்டீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். "பெண்கள் ஆட்டம்தானே, போய் ஊதிவிட்டு வாருங்கள்" என்று சொல்பவரை நம்பவே நம்பாதீர்கள். எனக்குச் சண்டை அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

நான் கபடி ஆடி வளர்ந்தவள். சென்னைக்கு வெளியே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. எங்கள் பெண்கள் ஆடுவது செவன்ஸ்: அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்த வடிவம் இடம்பிடித்த பிறகு நம் நாட்டிலும் கவனம் இதன் பக்கமே சாய்ந்துவிட்டது. 2022-ல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியிலும் இதுதான் இருந்தது. அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் பழைய வடிவத்துக்கு ஆள் சேர்ப்பது மாவட்ட அளவில் நடக்கிற காரியம் இல்லை.

பயிற்சிக்கு இரண்டு பகுதிகள். ஆட்ட விதிகள், காயத் தடுப்பு, தலைக் காயம் ஆகிய பாடங்களை முதலில் இணையத்தில் முடிக்க வேண்டும். பிறகு, வேர்ல்ட் ரக்பி அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் ஒரு நாள் வகுப்பும் மைதானப் பயிற்சியும் நடத்துவார். இணையப் பாடங்களுக்குக் கட்டணம் கிடையாது, கைபேசி போதும். மைதான நாளுக்கு நடத்துபவரைப் பொறுத்துக் கட்டணம் மாறும்.

இணையப் பாடங்களைப் பற்றி எனக்குக் குறை சொல்ல அதிகம் இல்லை. 2018-ல் விதிப்புத்தகத்தை எளிய நடையில் திருத்தி எழுதினார்கள். மொத்தம் 21 விதிகள். விதியைப் படித்த கையோடு அதற்கான காணொளியையும் பார்த்துவிடலாம். தமிழில் கிடையாது என்பது பெரிய இழப்புதான். ஆனாலும் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் இருந்தால் சமாளித்துவிடலாம், வாக்கியங்கள் அவ்வளவு சிறியவை. தேர்வுக் கேள்விகளைப் பதில் தெரியாமல் குருட்டாம்போக்கில் தட்டிக்கொண்டே போகாதீர்கள். ஒவ்வொரு கேள்வியிலும் மைதானத்தில் நாளைக்கே நடக்கக்கூடிய ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது.

முதல் விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். புல், மணல், களிமண், பனி, செயற்கைப் புல் ஆகியவற்றில் ஆடலாம் என்கிறது. பனியைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அதே விதி, மைதானத்தின் எந்தப் பகுதியாவது ஆபத்தானது என்று நடுவர் கருதினால் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்றும் சொல்கிறது. படிக்கும்போது சாதாரண வரி. நம் ஊர்ப் பள்ளி மைதானத்தில் காலை ஆறரை மணிக்கு நடந்து பார்த்தால் அதன் அருமை தெரியும். வாலிபால் கம்பத்தைப் பிடுங்கிய குழி ஓர் ஓரம். ஆண்டு விழாப் பந்தல்காரர் மறந்துவிட்டுப் போன முளைக் கம்பி இன்னோர் ஓரம், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு. சிறப்பு விருந்தினர் வந்து உட்கார்ந்துவிட்டார், மைக்கில் வரவேற்புரை ஓடுகிறது, அந்த நேரத்தில் "கம்பியைப் பிடுங்கிய பிறகுதான் விசில்" என்று சொல்வதற்கு அந்த ஒரு வரிதான் எனக்குத் துணை.

நான்காம் விதி உடையைப் பற்றியது. அணிகலன் கூடாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. எங்கள் வகுப்பிலும் பயிற்றுநர் அதை இரண்டு நிமிடத்தில் கடந்துபோனார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் பழகிய மைதானங்கள் வேறு. இங்கே பெண்களை வரிசையில் நிறுத்திப் பாருங்கள்: மூக்குத்தி, தோடு, கொலுசு, மணிக்கட்டில் கோயில் கயிறு, இடுப்பில் இன்னொரு கயிறு. "பாட்டி கழற்றவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், மிஸ்." குத்திய மூக்கு தூர்ந்துபோகும் என்று பயப்படும் பெண்ணும் உண்டு, தாலியை என்ன செய்வது என்று கேட்கும் கல்லூரி மாணவியும் உண்டு. மூக்குத்தி மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வருவார்கள். அது விதிக்கு ஈடாகாது, முகத்தில் முழங்கை பட்டால் பிளாஸ்திரி எதையும் தடுக்காது. இதையெல்லாம் ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பேசினால் அழுகையில்தான் முடியும். முதல் நாளே அணி ஆசிரியைகளுக்குச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். கழற்றியவற்றைப் பெயர் எழுதிய தாள் பொட்டலங்களில் மடித்து, மூடி போட்ட டப்பாவில் அணி ஆசிரியை வைத்திருக்க வேண்டும். நடுவர் அந்த டப்பாவைக் கையால்கூடத் தொடக் கூடாது.

அதே விதியில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அரைக்கால் சட்டைக்குள் நீளமான இறுக்க உடை அணியலாம். ஆபத்து இல்லாதபடி கட்டிய தலைத்துணிக்கும் தடை இல்லை. "அரைக்கால் சட்டை போட்டு ஆட விடமாட்டோம்" என்ற அப்பாக்களிடம் இதைக் காட்டிப் பேசித்தான் சில பெண்களை அணிக்குக் கொண்டுவந்தேன். நடுவர் பயிற்சியில் படித்தது ஆள் சேர்க்க உதவும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

தலைக் காயப் பாடம்தான் மொத்தத்தில் சிறந்தது. நடுவராகும் எண்ணமே இல்லாதவர்களும், ஏன், பெற்றோர்களும் படிக்க வேண்டியது. மூளை அதிர்ச்சிக்கு நினைவு தப்ப வேண்டும் என்பதில்லை; அடிபட்ட பெண் எழுந்து நின்று "ஒன்றும் இல்லை மிஸ்" என்று சொல்லிக்கொண்டே எதிரணி வரிசையில் போய் நிற்கலாம். சந்தேகம் வந்தாலே வெளியே எடு, அன்றைக்கு அவளுக்கு ஆட்டம் முடிந்தது என்பதுதான் அடிப்படை. பள்ளி, கல்லூரி, கிளப் அளவில் 21 நாள் கழியாமல் போட்டிக்குத் திரும்பக் கூடாது. நியூசிலாந்தில் இதற்கென்றே நடுவர் கையில் நீல அட்டை உண்டு. நம்மிடம் அட்டை இல்லாவிட்டாலும் அதிகாரம் இருக்கிறது: ஒருவர் தொடர்ந்து ஆடுவது அவருக்கே தீங்கு என்று நடுவருக்குத் தோன்றினால், மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம், வெளியேற்றலாம். அரையிறுதியில் அணியின் வேகமான பெண்ணை வெளியே அனுப்பும்போது பயிற்சியாளர் முறைக்கிற முறைப்பு எந்தக் காணொளியிலும் வராது. அது வேறு விஷயம்.

இனி மைதான நாள். காலையில் விசில் ஊதக் கற்றுக்கொடுத்தார்கள். சிரிக்காதீர்கள், இது முக்கியம். பந்து கையிலிருந்து முன்னால் நழுவினால் ஒரு சின்ன ஊதல், பெரிய தவறுக்குத் தரும் பெனால்டிக்கு அழுத்தமான நீள ஊதல், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்திப் புள்ளி பெறும் ட்ரைக்கு இன்னும் நீளம். விசில் சத்தத்திலேயே என்ன நடந்தது என்று பாதி மைதானத்துக்குப் புரிந்துவிட வேண்டும். கபடியிலும் கோகோவிலும் நாம் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஊதிப் பழகியவர்கள். பிறகு சைகைகள். பெனால்டி என்றால் தோள்கள் பக்கக் கோட்டுக்கு இணையாக இருக்க, பலன் பெறும் அணிப் பக்கம் கையைச் சாய்வாக உயர்த்த வேண்டும். சிறு தவறுக்குத் தரும் ஃப்ரீ கிக் என்றால் முழங்கை மடங்க வேண்டும். உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கே அரை மணி நேரம் போனது. பார்க்கிறவருக்கு ஒரு நொடியில் புரிய வேண்டுமென்றால் அது தேவைதான்.

நாளின் சாரம் டேக்கிளில் இருந்தது. ஒருத்தி பந்தோடு ஓடுகிறாள், இன்னொருத்தி பிடித்துச் சாய்க்கிறாள், அடுத்த மூன்று நொடியில் நாலைந்து பேர் அங்கே வந்து சேர்கிறார்கள். எதைப் பார்ப்பது? எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் தெரியாது. பயிற்றுநர் ஒரு வரிசை கொடுத்தார். பிடித்தவள் விட்டு விலகினாளா? கூடப் பிடித்தவள் கையை எடுத்தாளா? பிறகு வருகிறவர்கள் பின்பக்கமாக வந்து காலூன்றி நிற்கிறார்களா? விழுந்தவள் பந்தை விட்டாளா? கண் இந்த வரிசையிலேயே போக வேண்டும். "விடு", "விலகு", "கையை எடு" என்று தமிழிலேயே சொல்லலாமா என்று கேட்டேன். "அவர்களுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான்" என்றார். எங்களில் ஐந்து பேர் டேக்கிள் செய்ய, ஒருவர் நடுவராக நிற்க, மாற்றி மாற்றி வெயில் ஏறும்வரை செய்தோம். தவறு கண்ணில் பட்டாலும் அதனால் எதிரணிக்குப் பாதிப்பு உண்டா என்று பார்த்துத்தான் ஊத வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். மதியம் எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது. அதற்குப் பிந்தைய ஸ்க்ரம் வகுப்பு, அதாவது இரு அணியினரும் தோள் கோத்துக் குனிந்து பந்துக்காகத் தள்ளுவது பற்றிய வகுப்பு, அப்படி இல்லை. செவன்ஸில் அணிக்கு மூன்று பேர்தான் ஸ்க்ரம்மில் இறங்குவார்கள், எங்களுக்குப் பதினைந்து பேர் ஆட்டத்தின் எட்டுப் பேர் ஸ்க்ரம் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாடத்தில் இல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டில் பெண்கள் ரக்பியை ஊதப் போகிற எவருக்கும் இது முதல் நாளே தேவைப்படும். நம் பெண்களில் பலர் கபடியிலிருந்து வருகிறார்கள். கபடி அவர்களுக்குக் கொடுத்த வரம், தாழ்வாகப் பிடிப்பது. கணுக்காலிலும் தொடையிலும் கைபோட்டால் விடமாட்டார்கள். ரக்பியில் தோளுக்கு மேல் பிடிப்பது ஆபத்தான டேக்கிள், 9.13-ஆம் விதி, அந்தத் தொல்லை கபடிப் பெண்களிடம் குறைவு. ஆனால் கபடி கொடுத்த வேறு இரண்டு பழக்கங்கள் இங்கே குற்றம். ஒன்று டேஷ். பாடி வருகிறவளைக் கோட்டுக்கு வெளியே தோளால் மோதித் தள்ளினால் கபடியில் புள்ளி, கைதட்டல். ரக்பியில் கையால் பற்ற முயலாமல் மோதித் தள்ளினால் 9.16-ஆம் விதிப்படி பெனால்டி. இரண்டாவது தூக்குவது. பாடி வந்தவளை இடுப்போடு சேர்த்துத் தரையிலிருந்து பெயர்த்து எடுப்பது கபடியில் அழகு. இங்கே தூக்கியவளைத் தலையோ உடம்பின் மேற்பகுதியோ தரையில் படும்படி போட்டால் 9.18, சிவப்பு அட்டைவரை போகும். பாடத்தில் பார்த்த காணொளிகளில் தவறு செய்கிறவர்கள் தெரிந்தே முரட்டுத்தனம் செய்கிறார்கள். எங்கள் பெண் ஆறாம் வகுப்பிலிருந்து நான் கற்றுக்கொடுத்ததையே செய்கிறாள்.

இந்த வித்தியாசம் என்ன செய்யும் என்பதை மாவட்ட அளவிலான ஒரு போட்டியில் பார்த்தேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே முக்கியமில்லை. காலை ஆட்டத்தை ஊதியவர் எங்களோடு பயிற்சி முடித்த புதியவர், நல்ல மனிதர். எங்கள் பெண் ஒருத்தி வலது மூலையில், ட்ரை கோட்டுக்கு ஓரடி முன்னால், ஓடிவந்தவளைச் சுத்தமான கபடி டேஷ் ஒன்றில் வெளியே தள்ளினாள். பந்து வெளியே போனது, லைன்-அவுட் (பக்கக் கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது) கொடுத்தார், ஆட்டம் தொடர்ந்தது. அவளுக்குத் தோழிகள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். மதியம் அனுபவமுள்ள நடுவர் ஒருவர் வந்தார். அதே பெண், அதே மூலை, அதே டேஷ். அவர் நீளமாக ஊதிக்கொண்டு நேராகக் கோல் கம்பங்களுக்கு நடுவில் ஓடிப்போய் நின்றார். பெனால்டி ட்ரை: ட்ரை விழுந்திருக்கும் என்ற இடத்தில் தவறு செய்து தடுத்தால் எதிரணிக்கு ஏழு புள்ளி, தவறு செய்தவளுக்குக் கட்டாயம் அட்டை. மஞ்சள் அட்டைக்குச் செவன்ஸில் இரண்டு நிமிடம் வெளியே. பதினான்கு நிமிட ஆட்டத்தில் அது கொஞ்ச நேரமில்லை. அவள் அழுதுகொண்டே வந்து கேட்டாள், "காலையில் சரியாக இருந்தது மதியம் எப்படி மிஸ் தப்பு?"

காலையில் தள்ளப்பட்ட பெண் விலா எலும்பைப் பிடித்துக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தாள். அவள் ரக்பிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன.

நடத்தியவரிடம் போய், ஏன் புதியவர்களையெல்லாம் பெண்கள் ஆட்டங்களில் போட்டீர்கள் என்று கேட்டேன். "மேடம், பெண்கள் ஆட்டம் கொஞ்சம் மெதுவாகப் போகும், கற்றுக்கொள்ள வசதி" என்றார். அவர் மட்டும் சொல்வதில்லை இது. பல ஊர்களில் இதுதான் எழுதாத விதி: நல்ல நடுவர் ஆண்கள் இறுதிப் போட்டிக்கு, பயிற்சி நடுவர் பெண்களுக்கு. என் கணக்கு நேர்மாறானது. வேகமும் அனுபவமும் உள்ள ஆண்கள் ஆட்டத்தில் விழத் தெரிந்தவர்கள் ஆடுகிறார்கள். மாவட்டப் பெண்கள் ஆட்டத்தில் பாதிப் பேருக்குத் தலையைத் தரையில் படாமல் விழுவது எப்படி என்றே இப்போதுதான் பழக்கமாகிக்கொண்டிருக்கிறது. ஒரே வகை விளையாட்டுகளில் ஆண்களைவிடப் பெண்களுக்கு மூளை அதிர்ச்சி அதிகம் நேர்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கழுத்துத் தசையின் வலு குறைவாக இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இருக்கிற நடுவர்களில் கைதேர்ந்தவர் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

அப்படியானால் புதியவர்கள் எங்கே கற்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செவன்ஸில் ட்ரை கோட்டுக்குப் பின்னால் நிற்கும் உதவி நடுவர்கள் தேவைப்படுகிறார்கள். பந்து தரையில் அழுத்தப்பட்டதா என்று இரண்டு கஜ தூரத்திலிருந்து பார்க்கலாம், தவறாக ஊதி யாரையும் காயப்படுத்த முடியாது. பக்கக் கோட்டில் கொடி பிடிக்கலாம். மோதல் இல்லாத சிறுவர் சிறுமியர் ஆட்டங்களை ஊதலாம். ஒரு பருவம் அப்படி ஓடிய பிறகு நடுவில் வரட்டும். பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரத்தை எட்டுப் பேர் ஸ்க்ரம்மிலிருந்து பிடுங்கி இதற்குக் கொடுத்திருக்கலாம்.

சான்றிதழுக்குப் பிந்தைய பகுதிக்கு நான் மதிப்பெண்ணே போட மாட்டேன், ஏனென்றால் எங்களுக்கு அப்படி ஒரு பகுதி இருக்கவில்லை. ஒரு நாள் வகுப்பில் கற்றது, யாராவது பக்கத்தில் நின்று பார்த்து, இடைவேளையில் "இடதுபக்கம் ரொம்ப நெருங்கி நிற்கிறீர்கள், பின்வாங்குங்கள்" என்று சொன்னால்தான் உடம்பில் ஊறும். அடுத்த நிலைக்குப் போக உண்மையான ஆட்டங்களில் நம்மை ஒருவர் பார்த்து மதிப்பிட வேண்டும். எங்கள் பக்கம் அந்த ஒருவரைத் தேடுவதே ஒரு வேலை. கடைசியில் மாணவி ஒருத்தியிடம் கைபேசியைக் கொடுத்து, என் ஆட்டங்களைப் படமெடுக்கச் சொல்லி, பயிற்றுநருக்கு அனுப்பினேன். அவர் பொறுமையாகப் பார்த்துக் குறிப்புகள் அனுப்பினார். அந்தக் குறிப்புகளில் கற்றது வகுப்பில் கற்றதைவிட அதிகம்.

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தியப் பெண்கள் பதினைந்து பேர் அணி 2018-ல் சிங்கப்பூரில் முதல்முறையாகச் சர்வதேசப் போட்டியில் இறங்கியது; அடுத்த ஆண்டே மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றது. அந்த வெற்றிக்குப் பின் ஆட வந்து, கல்லூரி முடிந்ததும் வேலை, திருமணம் என்று மைதானத்தை விட்டுப் போன பெண்கள் எத்தனையோ பேர். டேக்கிளில் ஒரு தோள் எங்கே இடித்தது என்று அவர்களுக்கு உடம்பால் தெரியும். 2017 பெண்கள் உலகக் கோப்பை இறுதியை ஊதிய ஜாய் நெவில் அயர்லாந்துக்கு ஆடியவர். நியூசிலாந்தில் 2022-ல் நடந்த இறுதியையும், 2025-ல் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து கனடாவை 33-13 என்று வென்ற இறுதியையும் ஊதிய ஸ்காட்லாந்தின் ஹாலி டேவிட்சனும் ஆட்டத்திலிருந்து வந்தவர்தான். நம் ஊரில் ஆடி முடித்த பெண்ணை விசிலுக்கு அழைப்பவர் யார்? அழைத்தாலும், பஸ் கட்டணத்தைக் கையிலிருந்து போட்டு, உடை மாற்ற அறையோ கழிவறையோ இல்லாத மைதானத்தில் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமல் நிற்க வேண்டுமென்றால் இரண்டாம் முறை வரமாட்டாள். நடுவர் பற்றாக்குறை என்று புலம்புகிறவர்கள் முதலில் ஒரு கதவும் தாழ்ப்பாளும் ஏற்பாடு செய்யட்டும்.

சாமான்கள் பற்றிச் சுருக்கமாக. உள்ளே உருண்டை இல்லாத விசில் வாங்குங்கள்; ஃபாக்ஸ் 40 எங்கும் கிடைக்கிறது, எச்சிலும் மழையும் அதை அடைக்காது. பழைய தண்டரர் வகையின் ஒலி இனிமையானது, ஆனால் உருண்டை சிக்கிக்கொண்டால் அவ்வளவுதான். விரலில் மாட்டும் பிடி இருந்தால் கழுத்துக் கயிறு வேண்டாம். இரண்டு விசில், இரண்டு கைக்கடிகாரம், பென்சில். பேனா வியர்வையில் எழுதாது.

பெயர் கொடுப்பதற்கு முன் நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மைதானப் பயிற்சி செவன்ஸுக்கானதா? பெண்கள் உடை மாற்ற இடம் உண்டா? பயிற்சி முடிந்த பிறகு என் ஆட்டத்தை வந்து பார்க்கப் போகிறவர் யார்? கடைசிக் கேள்விக்குப் பதிலாக ஒருவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வந்தால் அன்றே பணம் கட்டிவிடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் மேடம்" என்று வந்தால் இணையப் பாடங்களை மட்டும் இலவசமாக முடித்துவிட்டு, வேறு யாராவது நடத்தும்வரை பக்கக் கோட்டில் கொடி பிடித்துக்கொண்டிருங்கள்.